இரண்டு கார்புரேட்டர்களும் ஒரு பெட்ரோல் வாசமும்
(நம் சங்க ஆண்டு விழாவில் சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

என்னைப் பல பேருக்குப் பெயரால் தெரியாது. "அந்தப் பழைய வண்டிக்காரர்" என்றால் தெரியும். போன வருஷம் ஸ்டில்ட் பார்க்கிங்கில் பெட்ரோல் நாற்றம் என்று மூன்று முறை புகார் வந்ததே, அது என் வண்டிதான். முதலில் அதற்கு மன்னிப்பு.

வண்டி ராஜ்தூத் 350. யமஹா ஆர்டி 350-ன் இந்திய வடிவம். ஃபரிதாபாத்தில் எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983-ல் தயாரிக்க ஆரம்பித்தது. 347 சிசி, டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர். அப்பா 1986-ல் வாங்கியது. நான்கு வருஷமாக ஓடாமல் கிடந்தது. "ஓடாத வண்டிகளை எடுத்துவிடுங்கள்" என்று சங்கம் நோட்டீஸ் ஒட்டியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. செயலாளர் சார் என்னிடம் சண்டை போடவில்லை. வண்டிக்கு நேர் பின்னால் இருக்கும் ஈபி மீட்டர் போர்டைக் காட்டினார், அவ்வளவுதான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையிலேயே படர்ந்து நிற்கும். அன்று மாலையே டேங்க்கைக் காலி செய்தேன்.

அந்த வண்டியில் சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு மிக்குனி கார்புரேட்டர். காற்றையும் பெட்ரோலையும் சரியான அளவில் கலந்து இன்ஜினுக்குக் கொடுப்பது அதன் வேலை. அடியில் ஒரு கிண்ணம், அதற்குள் மிதவை. நம் மாடித் தொட்டியில் தண்ணீர் நிறைந்ததும் பால் வால்வு மூடிக்கொள்கிறதே, அதே சங்கதி. மிதவை உயர்ந்தால் ஒரு சின்ன ஊசி பெட்ரோல் வழியை அடைக்கும். என் வண்டியில் அந்த ஊசி முனையைச் சுற்றி மோதிரம் போல ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதனால் அடைக்கவில்லை, கிண்ணம் வழிந்தது. உங்கள் மூக்குக்கு வந்தது அதுதான்.

கழற்றுவதிலேயே முதல் தப்பு செய்தேன். ஜப்பான் வண்டிகளின் ஸ்க்ரூ பார்க்க நம் ஸ்டார் ஸ்க்ரூ மாதிரியே இருக்கும், ஆனால் வேறு அளவு. சாதாரண ஸ்க்ரூடிரைவர் வைத்துத் திருகி இரண்டு தலையை மழுக்கிவிட்டேன். ஜேஐஎஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

உள்ளே பார்த்தால், கிண்ணத்தின் அடியில் பெட்ரோல் வற்றி, வார்னிஷ் பூசியது போல மஞ்சள் பிசின். இடது பக்கத்து ஸ்லோ ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்தேன், ஓட்டையே தெரியவில்லை. நம் கை உடனே கம்பியைத் தேடும். தயவுசெய்து வேண்டாம். ஜெட் பித்தளை, மெத்து. கம்பி விட்டால் ஓட்டை பெரிதாகிவிடும், பிறகு எந்த ட்யூனிங்கும் நிற்காது. கார்ப் கிளீனர் அடித்து ஊறவைத்து, காற்றழுத்தத்தில் ஊத வேண்டும். எனக்கு இரண்டு நாள் ஆனது.

இன்னொரு கூத்து. ஜெட்டின் மேல் நம்பர் பொறித்திருக்கும். இடதில் ஒரு நம்பர், வலதில் அதைவிடப் பெரிய நம்பர்! எப்போதோ யாரோ கையில் கிடைத்ததை மாட்டியிருக்கிறார். ஒரு பக்கத்து பிளக் எப்போதும் கறுத்திருந்த காரணம் முப்பது வருஷம் கழித்துப் புரிந்தது. அப்பாவிடம் சொன்னேன். "அப்பவே சொன்னேனே, வலது பக்கம் இழுவை சரியில்லைன்னு" என்றார். யாரிடம் சொன்னாரோ!

மாட்டும்போது புது ஊசி, புது கேஸ்கெட், புது ஓ-ரிங். ஏர் ஸ்க்ரூவை முழுக்க மூடி, ஒன்றரை சுற்றுத் திறந்து, அங்கிருந்து ட்யூன் பண்ண வேண்டும். பிறகு இரண்டு கேபிளும். ஆக்சிலேட்டரைத் திருகினால் இரண்டு ஸ்லைடும் ஒரே கணத்தில் எழ வேண்டும். நான் ஆளுக்கொரு விரல் வைத்துத் தடவிப் பார்த்தேன்: வலது கை என்னுடையது, இடது என் மகளுடையது, த்ராட்டில் அப்பாவிடம். அதோடு ஆயில் பம்ப் குறியையும் சரிபார்க்க வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோ ஆயிலோ குறைந்தால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். ஓடும்போதே பின்சக்கரம் நின்றுவிடும். இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம்.

உங்கள் வீட்டில் பழைய ஸ்கூட்டர், மொபெட் இருந்தால் ஒன்று செய்யுங்கள். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் கெடுக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் எடுக்கப் போவதில்லை என்றால் டேப்பை மூடி, கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் திறந்து வடித்துவிடுங்கள். அதை ஸ்டில்ட்டுக்குள் செய்யாதீர்கள். வெளியே, கேட் பக்கத்து வேப்பமரத்தடியில்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு நான் அங்கேதான் இருப்பேன். ஸ்க்ரூடிரைவர், கிளீனர், தீயணைப்பான் எல்லாம் என் பொறுப்பு. ஆளுக்கு ஒரு பழைய வேட்டித் துணி மட்டும் கொண்டுவாருங்கள். வண்டியை ஒன்பது மணிக்கு முன்னால் ஸ்டார்ட் பண்ண மாட்டேன், ஏ பிளாக்கில் கைக்குழந்தை இருப்பது தெரியும்.