மரத்தாலான பேருந்துத் தரிப்பிடங்கள்: துப்புரவும் பராமரிப்பும்

(குடியிருப்பாளர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நமது வட்டாரத்தின் ஓரப் பகுதிகளில் மரத்தாலான பேருந்துத் தரிப்பிடங்கள் சில இருப்பதைக் கண்டிருப்பீர்கள். மூன்று பக்கமும் பலகைச் சுவர், மேலே சரிந்த கூரை, உள்ளே ஒரு நீள இருக்கை. மணிக்கொரு முறை வரும் பேருந்துக்காகத் தை மாதக் குளிரில் காத்திருக்கும் முதியவருக்கும், கைக்குழந்தையோடு நிற்கும் தாய்க்கும் அந்தச் சிறு கூரை பெருந்துணை. அதனை எவ்வாறு காப்பது, அதில் நமது பங்கு யாது என்பன குறித்துச் சில செய்திகளைக் கூற விழைகின்றேன்.

முதலில் சட்டத்தின் நிலையைத் தெரிந்துகொள்வோம். இங்கிலாந்தில் இத்தகைய தரிப்பிடங்கள் பலவற்றுக்குப் பாரிஷ் மன்றங்களோ நகர மன்றங்களோ பொறுப்பாக உள்ளன. அவற்றுக்கு அந்த அதிகாரத்தை வழங்குவது 1953ஆம் ஆண்டின் உள்ளூராட்சிப் பல்வகை ஏற்பாடுகள் சட்டத்தின் 4ஆம் பிரிவு. சட்டங்களை மொழிபெயர்ப்போர் மிகுந்த கவனத்துடன் கையாளும் ஒரு வேறுபாடு அதில் உண்டு. மன்றம் தரிப்பிடங்களை ‘அமைத்துப் பராமரிக்கலாம்’ என்றே அப்பிரிவு கூறுகின்றது. ‘அமைக்க வேண்டும்’ என்று கூறவில்லை. அது வழங்குவது அதிகாரம், விதிப்பது கடமையன்று.

இதன் விளைவு எளிதில் விளங்கும். ஒரு தரிப்பிடம் உக்கிப்போய் அகற்றப்படுமாயின், அதே இடத்தில் புதியது எழும் என்பதற்கு அந்தப் பிரிவில் உறுதி ஏதும் இல்லை. பணமும் மன்றத்தின் தீர்மானமுமே அதனை முடிவு செய்யும். ஆகவே, இன்று நிற்பதைக் காப்பதே நமக்குள்ள நல்ல வழி. அதே வேளை, நிற்கும் வரை அது பாதுகாப்பாகவும் இருத்தல் வேண்டும். கட்டடங்களையும் பிற அமைப்புகளையும் தம் பொறுப்பில் வைத்திருப்போர், அங்கு வருவோரின் பாதுகாப்பில் நியாயமான கவனம் செலுத்த வேண்டும் என்பது 1957ஆம் ஆண்டின் சட்டம் விதிக்கும் கடமை.

அடுத்து, மரத்தின் இயல்பைப் பார்ப்போம். நம் ஊரில் மரக் கூரைச் சட்டங்களுக்குக் கறையானே பெரும்பகை. இந்நாட்டில் அந்த அச்சம் இல்லை என்றே கூறலாம். இங்கே பகை ஈரம். மரத்தில் உள்ள ஈரம் ஏறத்தாழ 20 விழுக்காட்டைத் தாண்டி நெடுநாள் நீடிக்குமாயின், மரத்தை உண்ணும் பூஞ்சணங்கள் வளரத் தொடங்கும். நனைந்து உடனே உலரும் மரத்துக்குக் கேடு குறைவு. நனைந்தபடியே கிடக்கும் மரமே உக்கும். ஆதலால் மழை நீர் எங்கே தங்குகின்றது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. தூண்கள் தரையைத் தொடும் இடம், பலகைகளின் வெட்டுமுனை, இருக்கையின் பொருத்துகள், இலைகள் அடைத்த கூரைத் தாழ்வாரம் ஆகியவையே பெரும்பாலும் முதலில் பழுதடைகின்றன. தூணின் அடியில் குவிந்த இலைக்குப்பை ஈரப் பஞ்சுபோல் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அதனைக் கூட்டி அகற்றுவதே பராமரிப்பில் தலையாய வேலை.

நிறம் மாறுவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஓக் மரமும் செடார் மரமும் வெயிலில் சாம்பல் நிறம் அடைவது இயல்பு. அது உக்கல் அன்று. ஓக் மரத்தில் ஆணியைச் சுற்றித் தோன்றும் கருநீலக் கறை, மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்வதால் உண்டாவது. அதனைத் தவிர்க்கவே துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளைப் பயன்படுத்துகின்றனர். ஆனால் விரலால் அழுத்தும்போது பலகை மெத்தென்று அமிழுமானால், அல்லது சதுரம் சதுரமாக வெடித்து உதிருமானால், அது உக்கலின் அடையாளம். தரையிலும் இருக்கையிலும் படரும் பச்சைப் பாசி மரத்தைத் தின்பதில்லை. எனினும் அது வழுக்கும், மரத்தின் ஈரத்தையும் உலரவிடாது.

கழுவும் முறையும் எளியதே. முதலில் உலர்ந்த தூரிகையால் தூசியையும் சிலந்தி வலையையும் அகற்ற வேண்டும். பின்னர் இளஞ்சூட்டு நீரில் மென்மையான சவர்க்காரத்தைச் சிறிதளவு கலந்து, மென்மையான தூரிகையால் மர இழை ஓடும் திசையிலேயே தேய்த்து, தூய நீரால் அலச வேண்டும். நன்றாக உலர்ந்த பின்னரே எண்ணெயோ பூச்சோ இடலாம். மழை குறைந்த, மிதமான வெப்பமுள்ள நாள்களே அதற்கு ஏற்றவை. ஈர மரத்தின் மீது இடும் பூச்சு ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும்.

செய்யக் கூடாதவை நான்கு. உயர் அழுத்த நீர்ப்பீச்சு மர இழைகளைக் கிழித்து, பொருத்துகளுக்குள் நீரைச் செலுத்திவிடும். வெளுப்புத் திரவம் மரத்தின் மேற்பரப்பைச் சிதைத்து, ஆணிகளையும் அரிக்கும். இரும்புக் கம்பித் தூரிகையிலிருந்து உதிரும் துகள்கள் துருப்பிடித்துக் கறையாகும். நான்காவது, பழைய பூச்சை உலர்ந்த நிலையில் உரசித் தேய்த்தல். பழைய வண்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும், அதன் தூசி உடலுக்குக் கேடு. கிரியோசோட் என்னும் தார் எண்ணெயைப் பொதுமக்கள் பயன்படுத்துவது 2003ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளது. அது ஊறிய பழைய மரத்துண்டுகளை வீட்டு அடுப்பில் எரிப்பதும் ஆகாது. உங்கள் தோட்டத்து வேலிக்கும் இருக்கைக்கும் இவையனைத்தும் பொருந்தும்.

கூரையடியில் பறவை கூடு கட்டியிருந்தால் அதனைக் கலைக்க வேண்டாம். பயன்பாட்டில் உள்ள பறவைக் கூடுகளும், வௌவால்கள் தங்கும் இடங்களும் 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. குஞ்சுகள் பறந்து செல்லும்வரை திருத்த வேலை காத்திருக்கத்தான் வேண்டும்.

அப்படியாயின், வாளியும் தூரிகையும் ஏந்தி நாம் செல்ல வேண்டுமா? வேண்டியதில்லை. சாலையோரத்தில் கழுவுதலும் பூச்சிடுதலும் மன்றத்தின் பணியாளர் செய்ய வேண்டியவை. தொண்டாகச் செய்ய விரும்புவோர் முன்கூட்டியே அனுமதி பெறுக. உங்களால் ஆகும் பெரிய உதவி, பழுதைத் தொடக்கத்திலேயே தெரிவிப்பது. தாழ்வாரத்திலுள்ள இலையை அகற்றுவது சிறு வேலை. உக்கிய தூணை மாற்றுவது பெருஞ்செலவு. சிறு வேலையாக இருக்கும்போதே அது மன்றத்தின் காதுக்கு எட்ட வேண்டும்.

நம்மவர் பலர் பழுதைக் கண்டும் பேசாதிருப்பதற்கு இரண்டு காரணங்களைக் கூறக் கேட்டிருக்கின்றேன். ஒன்று, ‘வேறு யாராவது சொல்லியிருப்பார்கள்’ என்னும் எண்ணம். எல்லோரும் அவ்வாறே எண்ணினால் ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார். மற்றொன்று, ‘முறையிட்டால் நமக்கு ஏதும் வந்துவிடுமோ’ என்னும் அச்சம். தரிப்பிடத்தின் கூரை ஒழுகுவதாகத் தெரிவிப்பதற்கு உங்கள் குடிவரவு நிலை தேவைப்படுவதில்லை. அதற்கும் இதற்கும் தொடர்பும் இல்லை. இந்த வட்டாரத்தில் வாழும் எவரும் தெரிவிக்கலாம்.

தெரிவிக்கும்போது நான்கு விவரங்கள் போதும்: தரிப்பிடத்தின் பெயர் அல்லது கம்பத்தில் உள்ள குறியீடு, பழுது இருக்கும் இடம், அதனைக் கண்ட நாள், அதனால் எவருக்கேனும் ஆபத்து உண்டா என்பது. படம் ஒன்றும் இருந்தால் மேலும் நன்று. தமிழிலேயே எழுதுங்கள், அதனை ஆங்கிலத்தில் பெயர்ப்பது எங்கள் பணி. எழுதிய நாளையும், கிடைத்த மேற்கோள் எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிடில் அந்த எண்ணைக் காட்டி மீண்டும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அமைக்கலாம் என்று மட்டுமே சட்டம் கூறும் ஒன்று நம் தெருவில் ஏற்கனவே அமைந்துள்ளது. அதனை இழந்துவிடாதிருப்போம்.