விளைச்சலைக் குறைக்கும் புகை

(விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளைச் சேர்ந்த ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



பயிரில் பூச்சி விழுந்தால் மருந்து தெளிக்கிறோம். மழை பொய்த்தால் கிணற்றை நாடுகிறோம். ஆனால் கண்ணுக்குப் புலப்படாமல் காற்றோடு கலந்து வந்து விளைச்சலைக் குறைக்கும் ஒரு வாயுவைப் பற்றி நாம் அதிகம் எண்ணியதில்லை. அதன் பெயர் ஓசோன்.

ஓசோன் என்பது பிராணவாயுவின் மற்றொரு வடிவமே. தரைக்கு மேல் ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் அது நிறைந்து நின்று, சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுத்து உயிர்களைக் காக்கிறது. அதே வாயு நாம் மூச்சுவிடும் உயரத்தில் மிகுமானால் நஞ்சாகிறது. வேலியில் நின்று பயிரைக் காக்கும் முள், வரப்பில் கிடந்தால் காலில் தைக்கிறதல்லவா? அதுபோன்றதே இதுவும்.

காற்றின் தன்மையை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர்களுள் ஒருவர் வீரபத்ரன் ராமநாதன் என்னும் தமிழர். 1944இல் பிறந்த இவர், சிதம்பரத்திலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்று 1965இல் பட்டம் பெற்றார். அந்நாளில் சிதம்பரமும், விழுப்புரமும், திண்டிவனமும் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. பின்னர் அமெரிக்கா சென்ற அவர், குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன் வாயுவின் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் மூலக்கூறைவிடப் பத்தாயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்க வல்லது என்று 1975இல் கண்டறிந்தார். மேலுள்ள ஓசோன் படலத்தைச் சிதைப்பதும் இவ்வாயுவே. 1987இல் மாண்ட்ரியல் நகரில் உலக நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையால் இதன் உற்பத்தி படிப்படியாக நிறுத்தப்பட்டது. மேற்படலம் இப்போது மெல்லத் தேறி வருகிறது. மனிதர் கூடி முடிவெடுத்தால் காற்றைத் திருத்த இயலும் என்பதற்கு இதுவே சான்று.

1999இல் ராமநாதன், நோபல் பரிசு பெற்ற பால் குருட்சன் உள்ளிட்ட பல நாட்டு விஞ்ஞானிகளுடன் இந்தியப் பெருங்கடலின் மேலுள்ள காற்றை ஆராய்ந்தார். ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தடிப்புள்ள பழுப்பு நிறப் புகைப்படலம் அங்கே பரவியிருக்கக் கண்டனர். தெற்காசிய நிலப்பரப்பில் எரியும் விறகு, வறட்டி, பயிர்க்கழிவு, எண்ணெய், நிலக்கரி ஆகியவற்றின் புகையே அவ்வாறு கடல் வரை சென்றிருந்தது.

இப்புகைக்கும் ஓசோனுக்கும் என்ன தொடர்பு? வாகனங்களும் திறந்தவெளித் தீயும் வெளியிடும் வாயுக்கள் மீது வெயில் படும்போது அவற்றிலிருந்து ஓசோன் உருவாகிறது. ஆகவேதான் பிற்பகலில் அது மிகுகிறது. இலையின் நுண்துளைகள் வழியே உட்புகுந்து பச்சையத்தைக் கெடுக்கிறது. இலை காலத்துக்கு முன்பே முதிர்கிறது. மணிக்குச் சேரவேண்டிய சத்து குறைகிறது.

புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிலையத்தாரும் ராமநாதனும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட கணக்கின்படி, 2005ஆம் ஆண்டில் மட்டும் ஓசோனால் நம் நாடு இழந்தது சுமார் 35 லட்சம் டன் கோதுமை, 21 லட்சம் டன் அரிசி. கோதுமை நம் பயிரன்று. ஆனால் நெல் நம்முடையது. ஓசோனுக்கு எளிதில் இரையாகும் பயிர்களுள் மணிலாக்கொட்டையும் ஒன்று. எண்ணெய்வித்துகளுக்கென ஆராய்ச்சி நிலையமே அமைந்துள்ள திண்டிவனத்தார் இதனைப் பொருட்படுத்தாதிருக்க இயலுமா?

நம் பகுதியில் கரும்பு வெட்டு மும்முரமாக நடக்கும் மாதங்களில்தான், மார்கழிப் பட்டத்து மணிலாவும் நவரை நெல்லும் வயலில் நிற்கின்றன. ஒரு பக்கம் சோகையைக் கொளுத்துகிறோம். மறுபக்கம் நிற்கும் பயிர் அப்புகையின் விளைவை ஏற்கிறது. சென்னை நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிகளின் புகையும் நம் காற்றில் கலக்கிறது என்பது உண்மையே. அதனை ஓர் ஊராட்சி தனித்துத் தடுக்க இயலாது. ஆனால் நம் வயலிலும் குளக்கரையிலும் எரியும் தீ நம் கையில் இருக்கிறது.

வெட்டும் ஆட்கள் கிடைப்பது அரிது, சோகை கையைக் கிழிக்கிறது, ஆகவே கொளுத்துகிறோம் என்று உழவர்கள் கூறுவதில் நியாயம் உண்டு. வெறும் தடை ஆணையால் இது தீராது. சோகையைப் பொடியாக்கும் இயந்திரத்தை உழவர் குழுக்கள் கூட்டாக வாடகைக்கு அமர்த்தலாம். கட்டைக் கரும்பின் இடைச்சாலில் சோகையைப் பரப்பினால் ஈரம் காக்கும்; களை குறையும்; மக்கி எருவாகும். எரித்த கரும்போ, ஆலைக்குச் செல்ல நாள் கடந்தால் எடையிலும் சர்க்கரையிலும் நட்டம் தரும்.

குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் தடை செய்தன. ஆயினும் தூய்மைக் காவலர் பிரித்தெடுத்த குப்பையைச் சேர்த்துவைக்க இடமும், மக்கும் குப்பைக்கு எருக்குழியும் நாம் அமைத்துத் தராவிட்டால், அது மீண்டும் தீக்கே இரையாகும். போகியன்று பிளாஸ்டிக்கும் டயரும் கொளுத்தும் வழக்கத்தையும் கைவிடச் செய்யவேண்டும்.

பெருமக்களே! கரும்பு வெட்டு தொடங்குமுன் கூடும் கிராம சபையில் இதனை ஒரு பொருளாக எடுத்துப் பேசுங்கள். எத்தனை ஏக்கர் கரும்பு உள்ளது, எத்தனை ஏக்கரின் சோகையை எரிக்காமல் காக்க இயலும், இயந்திரத்தை யார் யார் பகிர்ந்துகொள்வது என்று கணக்கிட்டுத் தீர்மானம் செய்யுங்கள். ஓர் ஊர் தொடங்கினால் பக்கத்து ஊர் பார்த்துப் பின்பற்றும். காற்றுக்கு எல்லைக்கல் இல்லை. ஆதலின் ஓர் ஊர் செய்யும் நன்மை அடுத்த ஊரின் வயலுக்கும் சேரும்.