ஐந்தாம் கட்டளையும் கருணாபுரமும்



1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் கைமணி அடித்துச் சிறுவர்களைக் கூட்டினார். விசுவாசப் பிரமாணத்தையும் கட்டளைகளையும் தமிழிலேயே மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார். நோயாளிகளின் வீடுகளுக்கு அந்தச் சிறுவர்களையே அனுப்பி ஜெபம் சொல்ல வைத்தார். தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நூலான ‘தம்பிரான் வணக்கம்’, 1578இல் கொல்லத்தில் அச்சான பதினாறு பக்க ஞானோபதேசம்தான். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். ஆகவே மனப்பாடத்தை நான் இளக்காரமாகப் பேசமாட்டேன். பதினான்கு வயதில் மனத்தில் பதிந்தது கடைசிவரை கூட வரும். ஆனால் சவேரியாரின் சிறுவர்கள் மனப்பாடம் செய்ததோடு நிற்கவில்லை, துயரப்பட்ட வீட்டுக்குள் அதைக் கொண்டுபோனார்கள். நம் திடப்படுத்தல் வகுப்புகளில் விட்டுப்போனது அதுதான்.

நாம் கூடியிருக்கும் இந்த ஊரில் நடந்த துயரத்தைச் சொல்லாமல் கடக்க முடியாது. 2024 ஜூன் 18 அன்று கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்களுக்கு வயிற்றுவலி, வாந்தி. பிறகு கண் மங்கியது. அந்தச் சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. கருணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் இறந்தவர்கள் அறுபதுக்கும் மேல். பெரும்பாலோர் கூலி வேலை செய்தவர்கள். தாயையும் தகப்பனையும் ஒருசேர இழந்த பிள்ளைகளும் உண்டு.

இதை நம் வாலிபர் கூட்டங்கள் எப்படிப் பாடமாக்கின? ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்று. மதுவிலக்கைப் போதிப்பது நம் கடமை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்தப் பாடத்தைக் கேட்கிற பெண் தன் அப்பாவைப் பறிகொடுத்தவளாக இருந்தால்? அவர் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்றுதானே அவள் காதில் விழும்? பிறவிக் குருடனைக் காட்டி, இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்டபோது இயேசு இரண்டையும் மறுத்தார். சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரும் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்ல என்றார். விசுவாச அடிப்படை என்று எதையாவது கற்பிப்பதானால், யோவான் 9ஐயும் லூக்கா 13ஐயும் முதல் மாதத்திலேயே கற்பியுங்கள்.

அடுத்து, கொலை செய்யக் கூடாது என்ற கட்டளை. கத்தோலிக்கருக்கும் லூத்தரன் சபையாருக்கும் அது ஐந்தாவது, மற்றவர்களுக்கு ஆறாவது. எண் எதுவானாலும் பொருள் ஒன்றே. அயலானின் உடலுக்குத் தீங்கு செய்யாதிருப்பதோடு, அவன் உடலுக்கு வரும் ஆபத்தில் துணை நிற்பதும் அதில் அடங்கும் என்று லூத்தர் 1529இலேயே விளக்கினார். விஷத்தைக் கலந்தவன், விற்றவன், தெரிந்தும் கண்டுகொள்ளாமல் இருந்தவன், கருணாபுரத்தை ஒதுக்கியே வைத்திருந்த சாதி மனம், எல்லாமே இந்தக் கட்டளையின்கீழ் வரும். கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் படிக்கும் பையனைச் ‘சாராயக்காரன்’ என்று கேலி செய்யும் வாயும் வரும்.

இந்தக் கருத்தரங்கில் பாடத்திட்ட வரைவு ஒன்று உருவாகுமென எதிர்பார்க்கிறேன். அதை அச்சுக்குக் கொடுக்குமுன் இங்குள்ள பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வோம். அவர்கள் எந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கிறார்களோ, அந்த இடத்தைத் திருத்தி எழுதுவோம். முதல் அமர்வைத் தொடங்கலாம்.