அகலச் சக்கரமும் குடும்பக் காரும்

நம் பெற்றோரும் பாட்டன்மாரும் விடியுமுன் நிரையில் இறங்கிச் சீவியெடுத்த ரப்பர்ப் பாலில் பெரும்பகுதி எங்கே போயிற்று? உலகத்தின் டயர்களுக்குத்தான் போயிற்று. 1877-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவுக்கு 22 ரப்பர்க் கன்றுகள் வந்து சேர்ந்தன. 1888-இல் ஜான் பாய்ட் டன்லப் என்பவர், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்து பார்த்த காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். மோட்டார் கார்கள் பெருகப் பெருக, ஜொகூரிலும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. ஆகவே, டயரைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு. இன்று அதைப் பற்றியே சிறிது சிந்திப்போம்.

நம்மிடம் படித்த மாணவர் ஒருவர் இப்பொழுது பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறார். அவருடைய தந்தையார் பால்வெட்டுத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர். தந்தையாரின் பெரொடுவா மைவி காரை அழகு செய்ய வேண்டும் என்பது மகனின் ஆசை. பல மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, அகலமான ஸ்போர்ட் ரிம்மும் அதற்கேற்ற பெரிய டயரும் வாங்கிப் பூட்டினார். பட்டறையில் காரை ஓட்டிப் பார்த்தார்கள்; ஒரு குறையும் தெரியவில்லை.

தீபாவளிக்குக் குடும்பத்தார் ஐவரும் குளுவாங்கிலிருந்து மூவாருக்குப் புறப்பட்டார்கள். ஆயர் ஈத்தாமைத் தாண்டியதும் ரப்பர் கருகும் வாடை வந்தது. இறங்கிப் பார்த்தால், பின்சக்கர மட்கார்டின் விளிம்பு டயரின் தோளைச் சுற்றிலும் அறுத்திருந்தது. தந்தையார் குனிந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "வெட்டு ஆழமா விழுந்திருச்சுப்பா" என்று மட்டும் சொன்னாராம். மரத்தில் காயம்பட்டால் என்னவாகும் என்பது அவருக்கா தெரியாது?

இங்கே நேர்ந்த பிழை என்ன? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அந்தக் காருக்குரிய டயரின் பக்கத்தில் 175/65 ஆர் 14 என்று எழுதியிருந்தது. 175 என்பது அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது, பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு என்பதைக் குறிக்கும். 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பக்கச் சுவரின் உயரத்தை இரண்டால் பெருக்கி, ரிம்மின் விட்டத்தோடு கூட்டினால், முழு விட்டம் ஏறத்தாழ 583 மில்லிமீட்டர் வரும்.

மாணவர் பூட்டியது 195/60 ஆர் 15. அதன் முழு விட்டம் 615 மில்லிமீட்டர். அதாவது, 32 மில்லிமீட்டர் கூடிவிட்டது. டயரின் மேல்விளிம்பு மட்கார்டுக்கு 16 மில்லிமீட்டர் அருகில் போய்விட்டது. வேகமானி அதே எண்ணைக் காட்டும்போதும், கார் முன்னைவிட நூற்றுக்கு ஐந்து பங்கு விரைவாக ஓடும். போதாக்குறைக்கு, அந்த ரிம் சக்கரத்தை வெளியே தள்ளி உட்காரவைத்தது. இந்த அமைப்பைக் கடைக்காரர்கள் 'ஓப்செட்' என்பார்கள். சக்கரம் வெளியே தள்ளத் தள்ள, பேரிங்கின்மேல் சுமை கூடும், ஸ்டியரிங்கும் கனக்கும். டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது சட்டப்படியும் குற்றமாகும்.

அப்படியானால் பெரிய ரிம்மே கூடாதா? கூடும். 2017-இல் வெளிவந்த மைவியின் 1.5 லிட்டர் வகைக்கு, தயாரிப்பாளரே 185/55 ஆர் 15 அளவைத்தான் கொடுத்தார்கள். அதைக் கணக்கிட்டால் 584½ மில்லிமீட்டர் வருகிறது. ரிம் ஓர் அங்குலம் பெருத்தும், முழு விட்டம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட வேறுபடவில்லை. ரிம் பெருக்கும் அளவுக்குப் பக்கச் சுவர் சிறுக்க வேண்டும் என்பதே இதிலுள்ள சூத்திரம்.

அன்று நல்ல வேளையாக மழை இல்லை. ஆனால் ஜொகூரில் ஆண்டு முடிவில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியும் சிகாமட்டும் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. டயர் அகலமானால் மழையிலும் பிடிப்புக் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். காய்ந்த சாலையில், வளைவுகளில் அகல டயர் உறுதியாக நிற்கும் என்பது உண்மைதான். ஈரச் சாலையில் கதை வேறு.

காரின் எடையையும் டயரின் காற்றழுத்தத்தையும் பொறுத்தே, டயர் தரையைத் தொடும் பரப்பு பெரும்பாலும் அமைகிறது. சிறிய காரில் அது ஒரு சக்கரத்துக்கு நம் உள்ளங்கை அளவுதான். டயரை அகலமாக்கினால் அந்தப் பரப்பு அவ்வளவாகக் கூடுவதில்லை. குட்டையாகவும் அகலமாகவும் உருமாறுகிறது. அதனால், எதிரே வரும் நீரை விலக்க டயருக்குக் கிடைக்கும் நேரம் குறைகிறது. வாளித் தண்ணீரில் உள்ளங்கையை விரித்து அடித்துப் பாருங்கள். நீர் எதிர்த்து நிற்கும். கையைக் கத்திபோல் திருப்பி இறக்குங்கள், நீர் வழிவிடும். வேகமாகச் செல்லும் அகல டயர், தேங்கிய நீரின்மேல் விரித்த கைபோல் மிதந்துவிடக் கூடும். அந்நேரத்தில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் நம் சொல் கேட்க மாட்டா. டயர்க் கோடுகள் தேய்ந்திருந்தால் ஆபத்து இரட்டிப்பாகும். கோடுகளின் அடியில் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சிறு மேடுகள் இருக்கும். டயர் அதுவரை தேய்ந்துவிட்டால் உடனே மாற்றிவிட வேண்டும்.

இன்னொன்று: பக்கச் சுவர் குட்டையானால், தோட்டத்துச் செம்மண் பாதையின் குழிகளில் அடி நேராக ரிம்முக்கே போகும். ரிம் வளையலாம், டயர் வெடிக்கலாம்.

எனவே, சக்கரம் மாற்ற விரும்புவோர் நான்கு காரியங்களைச் செய்வார்களாக. முதலாவது, ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவுகளைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். இரண்டாவது, டயரின் சுமை எண் பழைய டயரினுடையதைவிடக் குறையலாகாது. 82 என்ற எண், ஒரு டயர் 475 கிலோகிராம் தாங்கும் என்பதைக் குறிக்கும். மூன்றாவது, ரிம்மின் போல்ட்டுத் துளைகளும் நடுத்துளையும் காருக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். பூட்டிய பின், ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள். நான்காவதுதான் தலையாயது. வெறும் காரைச் சோதிப்பது சோதனையாகாது. வீட்டார் அனைவரையும் ஏற்றி, ஸ்டியரிங்கை இருபக்கமும் முழுக்கத் திருப்பி, மேட்டிலும் பள்ளத்திலும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். குடும்பக் கார் குடும்பத்தைச் சுமப்பதற்கன்றோ இருக்கிறது?

அந்த மாணவர் நம்மிடம் வந்து நடந்ததைச் சொன்னபோது, நாம் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தந்தைக்கு ஒன்று செய்ய வேண்டும் என்ற எண்ணம் எத்தனை பிள்ளைகளுக்கு வரும்? ஒரு தாளை எடுத்து, மேலே சொன்ன கணக்கை இருவரும் சேர்ந்து போட்டோம். ரிம்களை விற்றுவிட்டு, காருக்குப் பொருந்தும் 15 அங்குல ரிம்மும் 185/55 டயரும் வாங்கிப் பூட்டினார். இப்பொழுது ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த ரிம்களைத் துடைத்துப் பளபளக்க வைப்பவர் தந்தையார்தான்.

அழகு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அளவறிந்து செய்யும் அழகே நிலைக்கும் என்பதை நினைவிற் கொள்வோமாக.