ஒரு துளிக் குளத்துநீர்



கலைப்பட்டதாரியாகிய நான் விஞ்ஞானப் பொருளொன்றைப் பற்றிப் பேச முன்வந்திருப்பது உங்களுட் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். தமிழும் வரலாறும் கற்பித்து, அதிபராகி, ஐம்பது வயதையும் கடந்தபின், மாணவி ஒருத்தி கேட்ட கேள்வியே என்னை இத்துறைக்கு அழைத்து வந்தது.

எங்கள் விஞ்ஞான ஆசிரியர் மாற்றலாகிச் சென்றபின், அவரிடத்துக்கு வேறொருவர் வந்து சேராத ஒரு தவணையில், வகுப்பு வெறுமையாக இருத்தல் ஆகாதென்று பாடநூலுடன் நானே சென்றேன். அன்றைய பாடம் தனிக்கல உயிர்கள். கரும்பலகையில் அமீபாவை வரைந்து, கரு, போலிக்கால், வெற்றிடம் என ஒவ்வொன்றாகப் பெயர் குறித்தேன். அப்பொழுது முன்வரிசையிலிருந்த மாணவி எழுந்து, “சேர், நீங்கள் இதைக் கண்டிருக்கிறீர்களோ?” என்று கேட்டாள். அவள் குரலிலே குறும்பு இல்லை; அறியும் ஆவலே இருந்தது. “இல்லை” என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்கு எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

பாடசாலை அலுமாரியிலே நுணுக்குக்காட்டி ஒன்று மரப்பெட்டிக்குள் இருந்தது. உடைந்தால் யார் பதில் சொல்வதென்ற அச்சத்தால் அதனைப் பூட்டி வைத்திருந்தோம். அதன் திறப்போ என் மேசை இலாச்சியிலேயே கிடந்தது.

மறுநாள் மாணவர் அயலிலுள்ள குளத்து நீரைப் போத்தலில் கொண்டுவந்தனர். ஒரு துளியைக் கண்ணாடித் தட்டில் இட்டு, மெல்லிய கண்ணாடியால் மூடி நோக்கினேன். நடுவில் ஒளியும் ஓரத்திற் கருவளையமும் கொண்ட வட்ட உருவமொன்று தெரிந்தது. “இதுவே அமீபா” என்று உரைத்தேன். மாணவர் வரிசையாக நின்று பார்த்து மகிழ்ந்தனர். முன்னர்க் கேள்வி கேட்டவளோ நெடுநேரம் நோக்கிவிட்டு, “சேர், இது அசையவேயில்லையே” என்றாள். மூடிய கண்ணாடியை மெல்ல அழுத்தினோம். உருவம் நழுவி ஓரத்தை அடைந்து மறைந்தது. அது வெறும் காற்றுக்குமிழி. வகுப்பின் முன்னிலையில் என் கூற்றை நானே மீளப்பெற்றேன்.

தெளிந்த மேல்நீரில் தேடியதே எங்கள் தவறு. போத்தலின் அடியிலே அழுகிய இலையைச் சார்ந்திருந்த நீரை எடுத்து, குறைந்த உருப்பெருக்கத்தில் மீண்டும் நோக்கினோம். நேயர்களே, அக்காட்சியை என்னென்று சொல்வேன்! செருப்பின் அடியை ஒத்த பரமேசியங்கள் அங்குமிங்கும் விரைந்தன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றரின் ஏறத்தாழ நாலிலொரு பங்கு நீளம் கொண்டது. உடலைச் சூழ்ந்த நுண்ணிய பிசிர்கள் துடுப்பாகின்றன. இலைத்துணுக்கில் முட்டியது ஒன்று, பின்வாங்கிற்று, திசையைச் சற்றே மாற்றி மீண்டும் முன்னேறிற்று. பஞ்சிழை சிலவற்றை நீரிலிட்டு அதன் வேகத்தைத் தடுத்தபோது, உடலின் இரு முனைகளின் அருகிலும் இரு வெற்றிடங்கள் விரிந்து சுருங்குவதைக் கண்டோம். உள்ளே புகும் மிகைநீரை அவை இடையறாது வெளியேற்றுகின்றன. அத்தொழில் நின்றால் உயிருமில்லை. கண்ணில்லை, நரம்பில்லை, மூளையில்லை. உள்ளது ஒரே கலம். அதனைக் கொண்டே அது உண்கிறது, தடையை விலக்குகிறது, இரண்டாகப் பிரிந்து பெருகுகிறது.

அமீபா அன்று அகப்படவில்லை. மூன்று வாரம் தேடிய பின்னரே கண்டோம். கரும்பலகையில் நான் அசையாத கோடாக வரைந்த அதன் எல்லை, அங்கே மெல்ல மெல்ல வழிந்து ஓடிக்கொண்டிருந்தது.

அம்மாணவியின் கேள்வி புதியதன்று. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே பேரறிஞர்களும் அதனைக் கேட்டனர். 1632 ஆம் ஆண்டு ஒல்லாந்து நாட்டின் டெல்வ்ற் நகரிலே பிறந்த அந்தோனி வான் லேவன்ஹுக் என்பவர் ஒரு துணி வணிகர். பல்கலைக்கழகம் சென்றவரல்லர், அக்கால அறிஞரின் மொழியாகிய இலத்தீனும் அறியாதவர். தாமே ஆக்கிய சிறு வில்லைகளைக் கொண்டு, 1674 இல் அயலிலிருந்த வாவியொன்றின் நீரை நோக்கி, அதனுள் இயங்கும் நுண்ணுயிர்களைக் கண்டார். அக்காலத்தில் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் ஆட்சியிலே இருந்தது. நமது நெடுந்தீவுக்கு அவர்கள் இட்ட பெயரும் இவருடைய ஊரின் பெயரே.

1676 இல் அவர் இலண்டனிலுள்ள வேத்தியற் கழகத்துக்கு எழுதிய நீண்ட கடிதம் அறிஞரிடையே ஐயத்தை எழுப்பிற்று. அவர், மதகுருமார் உள்ளிட்ட பெரியோர் பலருக்குத் தாம் கண்டவற்றைக் காட்டி, அவர்களின் சான்றுரைகளை அனுப்பினார். 1677 நவம்பரில் ரொபேட் ஹூக் என்னும் விஞ்ஞானி, மிளகு ஊறிய நீரில் அவ்வுயிர்களைக் கழகத்தார் முன்னிலையிற் காட்டிய பின்னரே ஐயம் தீர்ந்தது. ஐயுற்றவர்களும் அறிவுக்குத் தொண்டே செய்தார்கள். கண்டவரும் ஐயத்தை அவமதிப்பாகக் கொள்ளாது, பிறரையும் பார்க்கச் செய்தார்.

இன்று எங்கள் பாடசாலையில் ஒரு வழக்கம் உண்டு. நுணுக்குக்காட்டியில் ஒன்றைக் கண்ட மாணவர் அதனை வரைந்து, நாளைக் குறித்து, தாம் கண்டதையே கண்ட இன்னொருவரின் கையொப்பத்தையும் குறிப்பேட்டிற் பெறவேண்டும். அதிபருக்கும் இவ்விதியில் விலக்கில்லை.

என்னைப்போன்ற அதிபர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஈரமும் இருளும் நிறைந்த அலுமாரியிலே வைத்துப் பூட்டினால் வில்லையிற் பூஞ்சணம் படரும். பிள்ளைகளின் கை பட்டு உடைவது மட்டுமன்று, பூட்டப்பட்டும் அது கெடலாம். திறப்பைத் தேடி எடுங்கள். குளத்தங்கரையிலிருந்து ஓர் அழுகிய இலையைக் கொண்டுவரச் செய்யுங்கள். “நீங்கள் கண்டிருக்கிறீர்களோ?” என்று ஒரு பிள்ளை கேட்குமாயின், “வா, இருவரும் பார்ப்போம்” என்று சொல்லுங்கள்.