குருத்தைத் தின்னும் வண்டு குப்பையில் வளர்கிறது

கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கம் தோட்டத்து லயங்களை விட்டுத் தாமான் வீடுகளுக்கு வந்த குடும்பங்கள் ஏராளம். வாசலில் கொஞ்சம் புல்தரை, மூலையில் ஒரு தென்னை, அதனருகே குப்பைமேடு. அந்தத் தென்னையின் புது ஓலை விரியும்போது கத்தரியால் நறுக்கியதுபோல் முக்கோண வெட்டுகள் தெரிந்தால், அது காண்டாமிருக வண்டின் வேலை. மலாய்க்காரர்கள் கும்பாங் பாடாக் என்பார்கள்.

உடனே மருந்துக் கடைக்கு ஓடுகிறவர்கள் பலர். குருத்துக்குள் துளைத்து உட்கார்ந்திருக்கும் வண்டை வெளியே தெளிக்கும் மருந்து எட்டுவது அரிது. சொட்டுவது கீழே விளையாடும் பிள்ளைகள் மேல். தோட்டங்களில் முதுகில் தொட்டி சுமந்து மருந்தடித்த நம் பெண்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

வண்டு மரத்தில் பிறப்பதில்லை. மட்கிய மரத்தண்டு, சாணக்குவியல், குப்பைமேடு இவைதான் அது முட்டையிடும் இடங்கள். முட்டை வண்டாக மாற நாலைந்து மாதங்களுக்கு மேல் ஆகும். அதில் பெரும்பகுதியைப் பருத்த வெள்ளைப் புழுவாகச் சுருண்டே கழிக்கிறது.

செம்பனைத் தோட்டங்களில் மறுநடவின்போது சாய்த்த மரங்களை முன்பு எரித்தார்கள். புகையின் கேடு கருதி அது நின்றது. நல்ல முடிவுதான், ஆனால் மட்கும் தண்டுகள் வண்டுக்குத் தொட்டிலாகிவிட்டன. அதனால்தான் தண்டுகளைச் சீவிப் பரப்பி, மேலே மூடுபயிர்க் கொடியைப் படரவிடுகிறார்கள். கொடி மூடிய இடத்தை வண்டு எளிதில் கண்டுகொள்வதில்லை.

1909-இல் இலங்கையிலிருந்து போன ரப்பர் கன்றுகளோடு இந்த வண்டு பசிபிக் கடலின் சமோவா தீவை அடைந்து, அங்குள்ள தென்னைகளைச் சூறையாடியது. அதற்கு மாற்று கிடைத்தது நம் நாட்டில்! 1963-இல் மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் ஹூகர் என்ற ஆய்வாளர், இந்த வண்டைக் கொல்லும் வைரசைக் கண்டுபிடித்தார். 1967-இல் சமோவாவில் அதைப் பரப்பியதும் வண்டுகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் 2007-இல் குவாம் தீவில் தலைகாட்டிய வண்டினம் அந்த வைரசுக்கு அசையவில்லை. ஆகவே குப்பைமேட்டைக் கவனிக்காமல் தப்ப வழியில்லை.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மேட்டை அடிவரை கிளறுங்கள். அகப்படும் புழுக்கள் கோழிக்கு நல்ல தீனி. வெட்டிய தென்னந்தண்டைப் பிளந்து காயவிடுங்கள், அடிக்கட்டையையும் விட்டுவைக்காதீர்கள். குருத்துக்குள் இருக்கும் வண்டைக் கம்பிக் கொக்கியால் இழுத்து எடுக்கலாம். தமிழ்நாட்டில் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து உள்மட்டைகளின் இடுக்கில் போடுவது வழக்கம். வாசனைப் பொறி வைப்பதென்றால் தாமான் முழுக்கப் பேசி, வீடுகளிலிருந்து தள்ளி வையுங்கள். ஒரு வீட்டில் மட்டும் வைத்தால் ஊர் வண்டெல்லாம் அந்த வீட்டுக்குத்தான் விருந்துக்கு வரும்.

புல்தரையடியில் காணும் வெள்ளைப் புழு பெரும்பாலும் வேறு வண்டினம், புல்வேரைத் தின்பது. புல் பழுத்து, இழுத்தால் பாய்போல் உரிந்து வருகிறதா? மைனாக்கள் ஒரே இடத்தைக் கொத்துகின்றனவா? அங்கே தோண்டிப் பாருங்கள். ஒன்றிரண்டு புழு இருந்தால் மருந்து வேண்டாம், மைனாவே பார்த்துக்கொள்ளும்.

பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகைச் சாணம் கிடக்கும்வரை உங்கள் தென்னைக்கு நிம்மதி இல்லை. சண்டைக்குப் போகாமல், ஒரு ஞாயிறு காலையில் இரண்டு வீட்டாரும் மண்வெட்டியோடு சேர்ந்து இறங்குங்கள்.