காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடிக்கலாமா?



"காற்றிலே கலந்த கரியமில வாயுவைப் பிடிக்க மிஷின் வந்துடுச்சாமே, இனிமே மழை பழையபடி பருவத்துல பெய்யுமா?" என்று உழவர்கள் கேட்கிறார்கள். மிஷின் வந்தது உண்மைதான். அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

ஐஸ்லாந்து என்ற குளிர் நாட்டில் 2021-இல் 'ஓர்கா' என்ற நிலையமும், 2024-இல் 'மம்மூத்' என்ற பெரிய நிலையமும் தொடங்கின. பெரிய மின்விசிறிகள் காற்றை உள்ளே இழுக்கும். அங்குள்ள வடிகட்டி கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும். அதைச் சுமார் 100 டிகிரிக்குச் சூடேற்றினால் வாயு பிரிந்து வரும். அந்த வாயுவைத் தண்ணீரில் கரைத்து, பூமிக்கடியில் எரிமலைப் பாறைக்குள் செலுத்துகிறார்கள். இரண்டு வருஷத்துக்குள் பெரும்பகுதி கல்லாகிவிடுகிறது.

சிரமம் எங்கே என்றால், 10,000 லிட்டர் காற்றில் கரியமில வாயு 4 லிட்டர் அளவுதான். ஒரு களம் பதரில் ஒரு பிடி நெல் தேடுகிற மாதிரி. மின்சாரமும் வெப்பமும் ஏராளமாக வேண்டும். மம்மூத்தின் முழுத் திறன் வருஷத்துக்கு 36,000 டன். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து உலகம் விடுவதோ சுமார் 3,700 கோடி டன். கணக்குப் போட்டால் பத்து லட்சம் மம்மூத் வேண்டும்! ஆகவே புகையைக் குறைப்பதே முதல் வேலை. மிஷின் அதற்குப் பிறகுதான்.

வெயிலை மட்டும் வைத்து இதே வாயுவைப் பிடிக்கிறது உங்கள் பயிர். இலை காற்றிலிருந்து எடுத்த கரிதான் வைக்கோலாகவும் கரும்புச் சோகையாகவும் நிற்கிறது. கொளுத்தினால் அன்றைக்கே காற்றுக்குப் போய்விடும். மக்கவைத்து நிலத்தில் போட்டால் ஒரு பகுதி மண்ணில் தங்கும். கல்லைப் போல நிரந்தரமாக அல்ல. வருஷாவருஷம் சேர்த்துவர வேண்டும்.

மண் பரிசோதனை அட்டையில் 'அங்ககக் கரிமம்' என்ற வரியைப் பாருங்கள். 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு என்று பொருள். ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். நெல் வயலில் ஓயாமல் தண்ணீர் தேங்கினால் மீத்தேன் வாயு கிளம்பும். அதுவும் சூட்டைக் கூட்டுவதுதான். ஆகவே காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுங்கள்.

நம்ம ஒரு வயல் உலகத்துச் சூட்டைத் தணித்துவிடாது. ஆனால் மக்கு சேர்ந்த மண் ஈரம் தாங்கும். மழை தள்ளிப்போனாலும் பயிர் சற்றுத் தாக்குப்பிடிக்கும். அந்த லாபம் முதலில் உங்களுக்குத்தான். இந்த அறுவடையில் வைக்கோலுக்கும் சோகைக்கும் தீ வைக்காதீர்கள்.